லாடக்காரரின் கணக்கு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவிலேயே என் மகள் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்லி, 'இதோ வந்துடுச்சு, இதோ வந்துடுச்சு' என்று பொய் சொல்லி, ஒருவழியாகச் செம்மேடு போய்ச் சேர்ந்தோம். அங்கே குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் வல்வில் ஓரி சிலையைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தெம்பு வந்தது.

ஓரி இந்த மலையை ஆண்டவன். கடையேழு வள்ளல்களில் ஒருவன். அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைப் போரில் கொன்றவன் காரி. அவனுடைய குதிரைக்கும் காரி என்றே பெயர். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"குதிரைக்குச் செருப்பு யாருப்பா போட்டு விடுவாங்க?"

"அதுக்குப் பேரு லாடம். போட்டு விடறவர் லாடக்காரர்."

"ராஜாவுக்குப் பேர் இருக்கு. குதிரைக்கும் பேர் இருக்கு. லாடக்காரருக்குப் பேர் இல்லையா?"

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் கோனார் நோட்ஸ் கிடையாது. "டீ குடிக்கலாமா?" என்று பேச்சை மாற்றினேன்.

ஆனால் மனசு சந்தைக்குப் போய்விட்டது. சின்ன வயதில் எங்கள் ஊர்ச் சந்தைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் என் சித்தப்பா. சந்தையின் ஓரத்தில் மாட்டுக்கு லாடம் கட்டுவார்கள். காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் செதுக்கி, டக் டக்கென்று ஆணி அடிப்பார்கள். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும் என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம். நான் பயந்து சித்தப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொள்வேன். "வலிக்காது கண்ணு. நமக்கு நகம் வெட்டற மாதிரிதான்" என்பார். நம் ஊரில் 'லாடம் கட்டிடுவேன்' என்றாலே போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் சித்தப்பா ஞாபகம் வரும்.

அன்றைக்கு ராத்திரி, மகள் தூங்கின பிறகு, விடுதி அறையில் உட்கார்ந்து பட்டாளத்து லாடக்காரர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நம் ராணுவத்தில் இன்றைக்கும் அந்த வேலை இருக்கிறது. மீரட்டில் அதற்கான பயிற்சி நிலையமும் உண்டு. வண்டி போகாத மலை உச்சிக்குக் கோவேறு கழுதைதான் சுமை தூக்குகிறது. 1999 கார்கில் சண்டையிலும் தூக்கியது.

சித்தப்பா சொன்னது சரிதான். குளம்பின் வெளி ஓடு நகம் மாதிரி, அதில் உணர்ச்சி கிடையாது. ஆனால் ஆணி கொஞ்சம் உள்ளே போய்விட்டால் உயிர்ச் சதை. நூலளவு தப்பினாலும் அந்த மிருகம் நொண்டும். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும்.

நம் ராணுவத்தில் பெடோங்கி என்று ஒரு கோவேறு கழுதை இருந்தது. 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் சிக்கி, முதுகில் ஏற்றியிருந்த துப்பாக்கியோடு தப்பித்துத் திரும்பி வந்த பெட்டைக் கழுதை. 29 வருஷம் சேவை செய்தது. நீல வெல்வெட் போர்த்தி மரியாதை செய்தார்கள். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். 29 வருஷம், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் சுமார் 250 முறை. நாலு காலுக்கும் சேர்த்து ஆயிரம் லாடம். அந்த ஆயிரத்தையும் அடித்த கைகள் யாருடையவை? வெல்வெட் கழுதைக்குக் கிடைத்தது. கிடைக்கட்டும், அதற்குத் தகுதி உண்டு. ஆனால் மகளின் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழைய குதிரைப் படைகளில் லாடக்காரருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிழைக்காது என்று தெரிந்த குதிரையைக் கொல்வதும் அவர்தான். அதற்காகவே கோடாரி வைத்திருப்பார். குதிரையின் எண் குளம்பில் சுடப்பட்டிருக்கும். அந்தக் குளம்பை வெட்டி எடுத்து வந்து காட்ட வேண்டும். குதிரை செத்துத்தான் போனது, யாருக்கும் விற்றுவிடவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. அதாவது, வவுச்சர். தான் செருப்புப் போட்டுவிட்ட காலையே வெட்டி எடுத்து வருவது என்ன மாதிரி வேலை!

பெயர் தெரிந்த ஒரு லாடக்காரரும் கிடைத்தார். மைக்கேல் மர்ஃபி. அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் பட்டாளத்துச் சிப்பாய். 1858 ஏப்ரல் 15 அன்று, அசம்கரிலிருந்து பின்வாங்கிய குன்வர் சிங்கின் படையைத் துரத்திப் போனவர்களில் ஒருவர். குன்வர் சிங் நமக்கு வீரர். ஆக, மர்ஃபி நமக்கு எதிரணிதான். இருந்தாலும் அன்றைக்கு அவர் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஹாமில்டன் என்ற அதிகாரி காயம்பட்டுக் குதிரையிலிருந்து விழுந்து, சுற்றி வளைக்கப்பட்டார். மர்ஃபி அவர் பக்கத்தில் போய் நின்றார். தனக்கே பலத்த காயம். உதவி வரும்வரை நகரவில்லை. ஹாமில்டன் மறுநாள் இறந்துபோனார். மர்ஃபிக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த நாட்டில் அதற்கு மேல் வீர விருது கிடையாது.

பிறகு பட்டாளத்தில் லாடக்காரர்களுக்குத் தலைவரான 'ஃபாரியர் மேஜர்' அளவுக்கு உயர்ந்தார். 1872-ல் பிடிபட்டார். திருட்டுக் குற்றம். திருடியது என்ன தெரியுமா? குதிரைக்குப் போடும் ஓட்ஸும் காய்ந்த புல்லும். ஒன்பது மாதக் கடுங்காவல். அதோடு விக்டோரியா கிராஸும் பறிபோனது. பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். 1893-ல் இங்கிலாந்தின் டார்லிங்டன் ஊரில் செத்துப்போனார்.

இப்படி விருது பறிக்கப்பட்டவர்கள் மொத்தம் எட்டுப் பேர். 1908-க்குப் பிறகு யாரிடமும் பறிக்கவில்லை. காரணம் ஒரு ராஜா. விருது வாங்கியவன் பின்னால் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கு மேடை ஏறினாலும் அந்தப் பதக்கத்தோடு ஏறட்டும் என்று ஐந்தாம் ஜார்ஜ் உறுதியாக இருந்தார். 1920-ல் அவருடைய செயலாளர் கடிதத்தில் எழுதியே வைத்திருக்கிறார்.

இந்த விஷயம் எனக்கு ராஜா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் ரப்பர் வைத்து அழிக்கக்கூடாது. வரவு வரவுதான், பற்று பற்றுதான். பின்னால் பற்று வந்தது என்பதற்காக, முன்னால் எழுதின வரவை அடிக்க முடியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பார்க்கிறவன் கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும்.

சொல்லிக்கொடுத்ததைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். வீட்டில் செய்தேனா?

அந்த பி.காம். மூன்று வருஷத்துக்கும் ஃபீஸ் கட்டியது சித்தப்பா. லாரி ஆபீஸில் கணக்கு எழுதி வந்த சம்பளத்தில் கட்டினார். பல வருஷம் கழித்து, பாட்டியின் கண் ஆபரேஷனுக்காக வைத்திருந்த பணத்தை எடுத்துத் தன் வட்டிக் கடனை அடைத்துவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. பாட்டி ஏழெட்டு மாதம் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். தப்புதான். சின்னத் தப்பு இல்லை. அதற்குப் பிறகு வந்த கல்யாணப் பத்திரிகைகள் எதிலும் அவர் பெயர் இல்லை. என் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையின் புரூஃபை நானேதான் திருத்தினேன். விட்டுப்போன ஒரு பெயரைச் சேர்க்க ஒரு வினாடி ஆகியிருக்கும். சேர்க்கவில்லை. 'குடும்பத்தில் யாரும் ஒத்துக்க மாட்டாங்க' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரையும் கேட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

மறுநாள் மலை இறங்கும்போது மகளிடம் மர்ஃபி கதையைச் சொன்னேன். திருடினதையும் சேர்த்துத்தான் சொன்னேன். கடைசி வளைவு வரைக்கும் யோசித்தாள்.

"அன்னைக்குக் காப்பாத்தப் போனது நிஜம்தானேப்பா? அதை எப்படி இல்லேன்னு ஆக்க முடியும்?"

நாமக்கல் போகிற வழியில் சேந்தமங்கலம் வரும். சித்தப்பா அங்கேதான் இருக்கிறார். எத்தனையோ தடவை அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட பிரேக்கில் கால் வைத்ததில்லை. அன்றைக்கு நிறுத்தினேன். மலையில் வாங்கிய மிளகுப் பொட்டலத்தையும் பலாப்பழத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கடன்காரன் வந்த மாதிரி எழுந்து நின்றார். "வாங்க" என்றார். என்னைப் போய், 'வாங்க'!

என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றேன். மகள்தான் முந்திக்கொண்டாள்.

"தாத்தா, நீங்கதான் எங்கப்பாவுக்கு லாடம் கட்டறதைக் காட்டினீங்களாமே?"

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அது இன்னும் ஞாபகம் இருக்குதா கண்ணு?" என்றார்.