மெகாபிக்சல் மோகம்

கேமரா கடைக்குள் காலை வைத்ததும் காதில் விழுகிற முதல் மந்திரம், மெகாபிக்சல்! "மாமா, இது 48. அது வெறும் 24தான்" என்று சின்னதைக் காட்டினான் அக்கா பையன். கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கப் போகிறானாம். பையில் இருந்தது அக்கா வளையலை அடகு வைத்த பணம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கணக்குப் போட்டேன். கல்யாண ஆல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 5400 x 3600. ஒரு கோடியே 94 லட்சம். அதாவது 19 சொச்சம் மெகாபிக்சல். 24 தாராளம். மிச்சத்தை ஊறுகாயா போடுவது?

பார்க்க வேண்டியது சென்சார் சைஸை. அந்த 48-இல் அது சுமார் 6 மி.மீ.க்கு நாலரை, சுண்டுவிரல் நகம்கூடத் தேறாது. 24-இல் 23க்கு 15. பரப்பில் பத்து மடங்குக்கு மேல்! மழையில் டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். விடிகாலை முகூர்த்தம், மங்கிய மண்டபம், பெண்ணின் முகம் ரவை தூவினாற்போல் வந்தால் எந்தச் சம்பந்தி காசு கொடுப்பார்?

அடுத்தது லென்ஸ். எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் ஜாஸ்தி. கேமராவோடு தரும் 18-55 லென்ஸ், 55-க்கு இழுத்தால் பெரும்பாலும் எஃப் 5.6. தனியாக ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கினால் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி. செகண்ட்ஹேண்டில் பாடி, புதிதாக இந்த லென்ஸ். வளையல் பணத்துக்குள் அடங்கிற்று.

டிஜிட்டல் ஜூமா? படத்தை வெட்டிப் பெரிசாக்குவார்கள், அவ்வளவுதான். அந்தக் கத்தரி வேலையை வீட்டிலேயே ஓசியில் செய்துகொள்ளலாம் சார்!