வாயில் மறுத்தல்

ஆங்கிலத்தில் 'கேட்வே' எனப்படுவதைத் தமிழில் 'நுழைவாயில்' என்று பெயர்த்திருக்கிறார்கள். 'ரௌட்டர்' என்பதற்குத் 'திசைவி' என்றொரு சொல்லும் புழக்கத்தில் விடப்பட்டது. எங்கள் வீட்டில் இரண்டையும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் என் மனைவிக்கும் அது 'வைஃபை பெட்டி'. அம்மாவுக்கு வெறும் 'பெட்டி'. இருந்தாலும் நுழைவாயில் என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை 2020 ஆகஸ்டில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம் பெருமைப்படத் தக்கதன்று. அதனாலேயே எழுதுவதை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

பெருந்தொற்றுக் காலம். கல்லூரி மூடிக்கிடந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, மடிக்கணினியின் முன் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். அதற்காகவே ஒளியிழை இணைப்பு வாங்கியிருந்தோம். இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர், பெட்டியை இரும்பு பீரோவின் பின்னால், மின்செருகி இருந்த மூலையில் மாட்டினார். கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி, "எல்லாம் ரெடி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாளை நாள்காட்டியின் பின்புறம் ஒட்டிவைத்தேன். அதற்குமேல் அந்தப் பெட்டியோடு எனக்கு உறவு எதுவும் இருக்கவில்லை.

ஆனால் வகுப்பில் என் குரல் விட்டுவிட்டுக் கேட்பதாக மாணவர்கள் சொன்னார்கள். கபிலரையும் பாரியையும் பற்றிப் பேசும்போது பாரி மட்டும் போய்ச் சேர்ந்தான். கபிலர் வழியில் நின்றுவிட்டார். கணினித்துறையில் பணியாற்றும் நண்பரிடம் முறையிட்டேன். "உலாவியைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் 192.168.1.1 என்று அடியுங்கள். உங்கள் வீட்டு வாயிலுக்குப் போய்விடுவீர்கள்" என்றார்.

*

அந்த எண்ணைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு ஊர் ஒரு பிள்ளையார் கோயில் தெரு இருக்கும். ஊருக்குள் இருப்பவருக்கு அந்தப் பெயரே போதும். வெளியூரிலிருந்து கடிதம் எழுதுபவருக்குத்தான் அது போதாது. 192.168 என்று தொடங்கும் எண்கள் அப்படிப்பட்டவை. 1996-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணத்தில், வீடுகளும் அலுவலகங்களும் தமக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிய எண்களுள் இவையும் அடங்கும். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி எண்கள்தாம் உண்டு. உலகத்தில் உள்ள கருவிகள் எல்லாவற்றுக்கும் அவை காணா. ஆகவே, பெரும்பாலான வீடுகளுக்கு வெளியுலகுக்கென்று ஒரே ஒரு முகவரி. உள்ளே இருப்பவர்களுக்குப் பிள்ளையார் கோயில் தெருக் கதவிலக்கங்கள். எந்தக் கதவிலக்கத்திலிருந்து எந்தக் கேள்வி போனது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, பதில் திரும்பி வரும்போது உரியவரிடம் சேர்ப்பது பெட்டியின் வேலை.

எண்ணை அடித்தேன். 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கையோடு ஒரு பக்கம் திறந்தது. பயனர் பெயர் கேட்டது. நண்பர் சொன்னபடி 'அட்மின்' என்று எழுதினேன். கடவுச்சொல்லும் 'அட்மின்'தான். திறந்துகொண்டது. பூட்டைப் போட்டுச் சாவியையும் அதிலேயே விட்டிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றிற்று. இது சிறிய விஷயமன்று. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட பெயர்-கடவுச்சொல் இணைகள் சுமார் 60 கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே ஏராளமான கண்காணிப்புக் கேமராக்களிலும் இத்தகைய பெட்டிகளிலும் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றையெல்லாம் ஒருசேர ஏவியதில், அமெரிக்காவில் பலருக்கு டுவிட்டர் முதலிய தளங்கள் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. இப்படிப் பொதுச்சாவியோடு கருவிகளை விற்பதைக் கலிபோர்னியா 2020-இலும் பிரிட்டன் 2024-இலும் சட்டம் போட்டுத் தடுத்தன. என் பெட்டியின் கடவுச்சொல்லை அன்றே மாற்றினேன். அதுவரை நான் செய்தது எல்லாம் சரிதான்.

பிறகு 'இணைந்துள்ள கருவிகள்' என்ற பக்கத்தைத் திறந்தேன்.

*

வீட்டில் என் மடிக்கணினி ஒன்று, கைப்பேசிகள் மூன்று, தொலைக்காட்சி ஒன்று. ஐந்து. பட்டியலில் ஆறு இருந்தன. ஆறாவதற்குப் பெயரில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடும், பக்கத்தில் எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு குறிகளும் இருந்தன. வலையில் சேரும் ஒவ்வொரு கருவியும் இப்படி ஒரு பன்னிரண்டு குறி அடையாளத்தைச் சொல்லித்தான் உள்ளே வருகிறது. புதிய கைப்பேசிகள் இப்போது ஒவ்வொரு வலைக்கும் ஒரு புனைபெயர் சூட்டிக்கொள்கின்றன. பழைய கைப்பேசிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பிறந்தபோது இட்ட பெயரோடுதான் எங்கும் போகும்.

யாரோ திருடுகிறார்கள், என் வகுப்பு தடைப்படுவது இதனால்தான் என்று முடிவுகட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அந்த வரிசையின் முடிவில் 'தடு' என்ற பொருளுடைய பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினேன். வரிசை மறைந்தது. முப்பது ஆண்டுகளாக நூல்களில் மட்டுமே வாயிலோர்களைப் பார்த்துவந்த ஒருவன், முதன்முறையாகத் தானே வாயிலோன் ஆனதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதன்பிறகும் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது.

நான்கு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள். "ஏய்யா, நம்ம தேய்ப்பு வண்டிக்காரர் மகள் நாலு நாளா வரலியே, ஒடம்புக்கு என்னமோ?"

"அவள் எதற்கு இங்கே வர வேண்டும்?"

"துணி கொண்டு குடுக்க வரும்லா. திண்ணைல இருந்து பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் போன்ல பாத்துக்கிட்டிருக்கும். நான்தான் காலண்டர் பின்னால இருக்க சீட்டக் காட்டுனேன். எனக்கும் பேச்சுத்துணை."

தெருமுனையில் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டி அது. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டுத் துணிகள் அங்கேதான் தேய்க்கப்படுகின்றன. அந்த ஆண்டு யாரும் வெளியே போகாததால் தேய்க்கத் துணி இல்லை. அந்தக் குடும்பம் எதைக்கொண்டு கைப்பேசிக்குப் பணம் கட்டுகிறது என்று நான் யோசித்ததில்லை. அந்தப் பெண் பிளஸ் டூ. பள்ளியிலிருந்து பாடங்கள் காணொளிகளாக வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தன.

*

அகத்திணையில் 'வாயில் மறுத்தல்' என்றொரு துறை உண்டு. பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவன் பாணனையோ தோழியையோ வாயிலாக அனுப்புவான், தலைவி மறுப்பாள். மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஆனால் அங்கே மறுப்பு என்பது ஒரு பேச்சு. தலைவி காரணம் சொல்கிறாள், குற்றம் சாட்டுகிறாள், கேட்பவன் பதில் சொல்ல இடமிருக்கிறது. புறத்திலும் அப்படியே. பரிசில் தர அதியமான் காலம் நீட்டித்தபோது ஔவை சினந்து பேசியது வாயிலோனை நோக்கித்தான். அந்தப் பாடல் புறநானூற்றில் 206-ஆவது. கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றபோதும், அவள் வந்திருப்பதை உள்ளே போய்ச் சொல்ல ஒரு வாயிலோன் இருந்தான். பழைய வாயில்களில் மனிதர் நின்றார்கள். அவர்களிடம் கோபித்துக்கொள்ளவாவது முடிந்தது.

நான் மூடிய வாயிலில் யாரும் இல்லை. தடுக்கப்பட்டவரின் கைப்பேசி, தடுக்கப்பட்டாய் என்று சொல்வதில்லை. 'இணைக்க முடியவில்லை' என்று மட்டுமே சொல்லும். திரும்பத் திரும்ப முயலலாம். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று ஐயுறலாம். உள்ளே, பீரோவுக்குப் பின்னால், ஒரு பெட்டி சின்னப் பச்சை விளக்குகளோடு ஒவ்வொரு முறையும் மறுத்துக்கொண்டிருக்கும். தடுத்தவனுக்கும் எதுவும் தெரியாது. நான் நான்கு நாளும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்று மாலையே தடையை நீக்கிவிட்டுத் தெருமுனைக்குப் போனேன். வண்டியில் தீ இல்லை. அண்ணாச்சி சும்மா உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். "பெட்டியில் ஏதோ கோளாறு, இன்றைக்குத்தான் சரியாயிற்று. நீ வழக்கம்போல வரலாம்" என்றேன். "பரவால்ல சார்" என்றாள். இடையில் ஒரு தேர்வு வந்து போயிருந்தது என்று அண்ணாச்சி சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

*

குரல் தடைப்பட்டதற்கான காரணத்தைப் பிறகு நண்பரே நேரில் வந்து கண்டுபிடித்தார். இரும்பு பீரோதான் காரணம். வைஃபை அலை இரும்பைத் துளைத்து வர முடியாது. பெட்டியைக் கூடத்துச் சுவரில் தலைக்குமேல் மாட்டியதும் கபிலர் முழுதாகப் போய்ச் சேர்ந்தார். நான் நான்கு நாள் ஒரு பிள்ளையைத் தெருவில் நிறுத்தியதற்கும் என் வகுப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தப் பக்கத்தில் 'விருந்தினர் வலை' என்றொரு வசதியும் இருப்பதை அவர் காட்டினார். தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் சேர்பவர் இணையத்துக்குப் போகலாம். வீட்டுக்குள் இருக்கும் மற்றக் கருவிகளைத் தொட முடியாது. பாதுகாப்புக்கு நல்லது என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாமா என்று எண்ணியபோது, தேநீர்க்கடைகளில் தனியாகத் தொங்கிய குவளைகள் நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு வருகிறவர்களில் யாருக்கு எந்தக் குவளை என்று தீர்மானிக்கும் கை என்னுடையதாக இருக்கக் கூடாது என்று பட்டது.

நண்பரே ஒரு வழி சொன்னார். உண்மையில் நம்பக் கூடாதவை மலிவான கருவிகள்தாம். அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வருவதில்லை, மிராய் புகுந்ததும் அப்படிப்பட்டவற்றில்தான். ஆகவே, தொலைக்காட்சியையும் பின்னர் வாங்கிய கேமராவையும் விருந்தினர் வலைக்கு அனுப்பினோம். மனிதர்கள் எல்லோரும் வீட்டு வலையில். இன்றைக்கும் அப்படித்தான்.

*

அவள் மறுநாளல்ல, மூன்றாம் நாள் வந்தாள். முன்போல் நேரே திண்ணையில் உட்காராமல், "ஆச்சி, இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கேள்வி அதற்குமுன் இருந்ததில்லை என்று அம்மா சொன்னாள். பிறகு கல்லூரியில் கணினி அறிவியல் படித்து 2024-இல் பட்டம் பெற்றாள். அவ்வாண்டு எங்கள் பெட்டி பழுதாகி, புதியது வந்தபோது அமைத்துக்கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டிக்கொண்டே வந்தாள். "இது பிளாக் லிஸ்ட் சார். இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். அன்றைக்குப் பெட்டியில் கோளாறு இல்லை, நான்தான் யாரென்று தெரியாமல் தடுத்துவிட்டேன் என்று.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் சார். பெட்டி கெட்டுப்போயிருந்தா ஆச்சி போன்லயும் வந்திருக்காதுல்லா. எம் பக்கத்துல இருந்து அவங்க பாட்டுக்கு நாடகம் பாத்துக்கிட்டிருந்தாங்க."

நான்கு ஆண்டுகள் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. புதுக் கடவுச்சொல்லை அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். வாங்கி, நாள்காட்டியின் பின்புறம் ஒட்டினேன்.