முதலாளியின் குரல்



கல்லூரிப் பயிற்சிக்கான குறும்படத்திற்காக நாங்கள் ஐவரும் தேர்ந்துகொண்டது, தோப்பில் முஹம்மது மீரான் எழுதி 1988இல் வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. நாவல் முழுவதையும் படமாக்கும் வசதி எங்களுக்கு இல்லை. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் சொல்லுக்கு ஊர் எவ்வாறு அஞ்சி ஒதுங்கியது என்பதைக் காட்டும் மூன்று வெளிப்புறக் காட்சிகளை மட்டும் எழுதி, நாங்களே இயக்கினோம்.

கதைக்களமான தேங்காய்ப்பட்டணத்தில் இன்று மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கதையோ விடுதலைக்கு முந்தைய காலத்தது. ஆகவே, குமரி மாவட்டத்திலேயே வேறொரு கடற்கரைக்குச் சென்றோம்.

திறந்தவெளியில் படம் எடுப்பவருக்குச் சூரியனே எசமானன். ஒரு காட்சியின் இரு துண்டுகளுக்கிடையே ஒரு மணி நேரம் கழிந்தாலும் நிழல் நீண்டு, இரண்டும் ஒட்டாமற்போகும். காற்று ஒலிவாங்கியில் இரைந்து வசனத்தை விழுங்கிவிடும். மேற்கு நோக்கிய கரையாதலால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கிடைக்கும் சாய்வெயிலையே நம்பியிருந்தோம். அஸரைத் தொழுதுவிட்டுக் கேமராவை நிறுத்தியபோது, சட்டகத்துக்குள் ஒரு நைலான் வலை தெரிந்தது. படகின் நிழலில் அமர்ந்து ஒரு பெரியவர் அதைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, கொஞ்சம் ஓரம் போங்க!” என்று ஒலிபெருக்கியில் கூவினோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்த அவசரம். அவர் ஒன்றும் பேசாமல் வலையை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்.

இரவில் பதிவுகளைப் பார்த்தோம். கேமரா முன்னரே ஓடத் தொடங்கியிருந்தது. தலை குனிந்து வலையைச் சுமந்து விலகும் அவர் அதில் பதிவாகியிருந்தார். எங்கள் நடிகர்கள் எவரிடமும் வராத உண்மை அந்த நடையில் இருந்தது. “இதையே வைத்துக்கொள்ளலாம்” என்றார் ஒருவர். பிறகு எவரும் பேசவில்லை. முதலாளி வேடம் உண்மையில் யாருக்குப் பொருந்தியது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மறுநாள் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். “வெயிலு கண்ணுல அடிச்சா முடிச்சு தெரியாது மக்களே, அதான் அங்க இருந்தேன்” என்றார். பதிவைக் காட்டி அனுமதி கேட்டோம். நெடுநேரம் பார்த்தார். “எம் பிள்ளைங்க பாத்தா, அப்பன் யாருக்கோ பயந்து எழும்பினது மாதிரி இருக்கும். வேண்டாம்” என்றார். அவர் முன்னிலையிலேயே அழித்தோம்.

அன்று அவர் தம் நிழலிலேயே அமர்ந்திருந்தார். நாங்கள் கேமராவைத் திருப்பி வைத்தோம். ஒளி முந்தைய நாள்போல் அமையவில்லை. அந்தக் காட்சி இன்றும் எங்கள் படத்தில் சற்று மங்கலாகவே இருக்கிறது.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைச் சிறுவயதில் மதரஸாவில் மனனம் செய்திருக்கிறோம். ஒருவர் பிழைப்பின் பாதையில் நாமே தொல்லையாகக் கிடப்போம் என்று அப்போது எண்ணியதில்லை. நம் குரல் எளியவர்மீது உயராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.