பந்து எங்கே விழுந்தது?

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்கு வெளியே ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானம். வரிசையாக நின்று, கூடையிலிருந்து பந்தை எடுத்து எடுத்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி இடத்தில் அறுபத்தைந்து வயதுப் பெரியவர். பக்கத்தில் பேத்தி.

தான் அடித்தால் பந்து 200 மீட்டர் பறக்கும் என்பது அவருடைய இருபது வருஷ நம்பிக்கை. ஓங்கி அடித்தார். எதிரே இருந்த திரையில் 168 என்று வந்தது. மறுபடி அடித்தார். 171.

"மெஷின் கெட்டுப்போச்சு!"

"உங்க கண்ணு சரியா இருக்கா தாத்தா?" என்றாள் பேத்தி.

நியாயமான கேள்விதான். கோல்ஃப் பந்தின் விட்டம் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அத்தனை தூரத்தில் அது எங்கே விழுந்தது என்று கண்ணால் அளப்பது கஷ்டம். விழுந்த பிறகு உருண்ட தூரத்தையும் மனசு சேர்த்துக்கொள்ளும்.

இதற்கு விடை தேடியவர்களும் டென்மார்க்காரர்களே. கிளாஸ், மார்ட்டன் என்ற சகோதரர்கள், பறக்கும் குண்டுகளைப் பின்தொடரும் ரேடார்களில் அனுபவம் பெற்ற பொறியாளர் ஃப்ரெட்ரிக் டுக்சனோடு சேர்ந்து, 2003-ல் 'டிராக்மேன்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

ரயில் நெருங்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் குரல் இறங்கிவிடும். 1842-ல் ஆஸ்திரிய விஞ்ஞானி டாப்ளர் விளக்கிய விஷயம் இது. ரேடாரும் இதைத்தான் செய்கிறது. வினாடிக்குச் சுமார் 1,000 கோடி முறை அதிரும் ரேடியோ அலையைப் பந்தின் மேல் அனுப்புகிறது. பந்து விலகி ஓடுவதால், பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வு சற்றுக் குறைகிறது. மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்துக்கே வித்தியாசம் 5,000 அதிர்வுதான். ஆனால், பந்தின் வேகத்தைக் கணக்கிட அது போதும்!

திசை? ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம் இரண்டு காதும் சேர்ந்து சொல்வதுபோல, பல ஆன்டெனாக்கள் சேர்ந்து சொல்கின்றன. ஒரே நேரத்தில் பலர் அடித்தாலும் குழப்பமில்லை. பந்து போன பாதையைப் பின்னோக்கி நீட்டினால், யார் அடித்தது என்று தெரிந்துவிடும்.

"இது பயிற்சிப் பந்து. அதான் தூரம் போகலை" என்றார் பெரியவர்.

அதுவும் ஓரளவு உண்மை. பயிற்சி மைதானங்களில் சற்றுக் குறைவாகப் பறக்கும் பந்துகளைப் பயன்படுத்துவதுண்டு. நல்ல பந்தாக இருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் வசதியும் இருக்கிறது. அதனால் திரையில் தெரிவது எந்த எண் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பேத்தி திரையைத் தட்டினாள். 176.

பெரியவர் பேசவில்லை. அவர் வழக்கமாக விளையாடும் மைதானத்தில் ஒரு குளம் உண்டு. அதைத் தாண்ட 185 மீட்டர் பறக்க வேண்டும். எத்தனை வருஷமாக எத்தனை பந்துகளை அதற்குக் கொடுத்திருப்பார்! ஒவ்வொரு முறையும் பழி காற்றின் மேல்.

ஏன் குறைந்தது என்று ரேடார் சொல்லாது. வயசா, முதுகுவலியா, கைப்பிடியா என்பதை அவர்தான் யோசிக்க வேண்டும். ஆனால், எவ்வளவு என்று சொல்லிவிட்டது.

அடுத்த ஞாயிறு, குளத்துக்கு முன்பே பந்தை மெதுவாக நிறுத்தினார். இரண்டாவது அடியில் தாண்டினார். அன்று ஒரு பந்தும் நனையவில்லை.