அந்த ஜனவரியில் பதவி விட்ட இருவர்

1993 ஜனவரி என்றாலே எங்களுக்கு ஸ்லூட்டர்தான். டென்மார்க்கில் கொஞ்சம் வயதான ஈழத்தமிழர் எவரைக் கேட்டாலும் 14ஆம் திகதி என்று நாளையும் சேர்த்துச் சொல்வார்கள். குடும்பத்தை அழைக்கத் தமிழர்கள் கொடுத்த விண்ணப்பங்களை 1987 செப்டெம்பரில் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்திருந்தார். அதை விசாரித்த நீதிபதி மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் அறிக்கை, ஆயிரக்கணக்கான பக்கங்களில், அன்று வெளிவந்தது. பத்து வருடத்துக்கு மேல் பிரதமராக இருந்த பவுல் ஸ்லூட்டர் அன்றே பதவி விலகலை அறிவித்தார். அகதியாக வந்த ஒரு சிறு கூட்டத்துக்கு நடந்த அநியாயத்துக்காக ஒரு அரசாங்கமே கலைந்தது. அன்றிரவு ஹேர்னிங்கிலிருந்து ஓல்போர்க் வரை எங்கள் வீடுகளில் தொலைபேசி ஓயவில்லை.

அடுத்த சில நாட்களில் இன்னொரு தலைவரும் பதவியை விட்டுப் போனார். எங்கள் ஆட்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அதைச் சொன்னவர் கூட வேலை செய்த ஒருவர், டென்மார்க்கின் கீழ்த் தன்னாட்சியுள்ள பரோயே தீவுகளைச் சேர்ந்தவர்.

நான் அப்போது வட யூட்லாண்டின் துறைமுகப் பட்டினம் ஒன்றில் மீன் தொழிற்சாலையில் இருந்தேன். ஐஸ் போட்ட பெட்டிகளில் கொட் மீன் வரும். நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை ஓட்டித் தசையைப் பிரித்தெடுத்து, கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் விரிப்போம். வெளிச்சம் தசையை ஊடுருவும்போது உள்ளே சுருண்டிருக்கும் புழு கறுப்பு நூல்போலத் தெரியும். கத்தி முனையால் அதைக் கிள்ளி எடுக்கவேண்டும். மேசையின் மறுபக்கத்தில் நின்றவர் சூவுரோய் தீவின் துவெரோயிரி ஊரவர், ஐம்பதைத் தாண்டியவர். புழு இருக்கும் இடம் பார்க்குமுன்னே அவருடைய விரலுக்குத் தெரிந்துவிடும். ஊரில் மீனும் இல்லை, வேலையும் இல்லை என்று முந்தைய வருடம் வந்தவர். கையை நிறுத்தாமலே சொன்னார்: "ஸ்லூட்டரை அனுப்பினது நீங்கள். எங்கட அட்லியும் போறார். அவரை அனுப்பினது இந்த மீன்."

அட்லி டாம் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அந்த மேசையில்தான்.

அவர் பிறந்ததும் அதே துவெரோயிரியில், 1932இல். தகப்பன் பீட்டர் மோர் டாம் பள்ளிக்கூட ஆசிரியர். பரோயேயின் சமூக ஜனநாயகக் கட்சியை வளர்த்தெடுத்தவர், இரண்டு தடவை தீவுகளின் அரசுத் தலைவர், 1968இல் காலமானார். மகன் படித்தது பொறியியல். படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, 1970 டிசம்பரில், முப்பத்தெட்டு வயதில், தகப்பன் இருந்த நாற்காலியில் அமர்ந்தார். 1981 வரை ஒரே தொடர்ச்சி. பிறகு 1985 முதல் 1989 வரை, மறுபடி 1991 முதல் அந்த ஜனவரி வரை. கூட்டிப் பார்த்தால் பதினாறு வருடம். தனியாக ஆளும் பலம் அவருடைய கட்சிக்கு ஒருபோதும் இருக்கவில்லை. டென்மார்க்கோடு சேர்ந்திருக்க விரும்பியவர்களோடும் கூட்டுச் சேர்ந்தார், தனிநாடு கேட்ட குடியரசுக் கட்சியோடும் கூட்டுச் சேர்ந்தார்.

எஞ்சினியர் ஒருவர் நாட்டை ஆண்டார் என்பதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிள்ளை எஞ்சினியரானால் பேராதனைக்கோ கட்டுபெத்தைக்கோ போய், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சேர்ந்து, நல்ல சீதனத்தோடு கலியாணமாகி இருப்பான். அரசியல் அப்புக்காத்துமாருடைய வேலை. ஜி. ஜி. பொன்னம்பலம், செல்வநாயகம், அமிர்தலிங்கம், எல்லோரும் சட்டம் படித்தவர்கள். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வழக்காட வேண்டிய நிலையில்தான் நாங்கள் இருந்தோம், அதனால் வழக்காடத் தெரிந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். கட்டத் தெரிந்தவனுக்குக் கட்டுவதற்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடம் அட்லி டாமுக்குக் கிடைத்திருந்தது.

அது கிடைத்த வருடம் 1948. ஏப்ரல் 1ஆம் திகதி பரோயே தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இலங்கை சுதந்திரமடைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு இரண்டு வருடம் முந்தி நடந்த வாக்கெடுப்பில் பிரிந்துபோகச் சிறு பெரும்பான்மை விழுந்திருந்தது. டென்மார்க் அதை ஏற்கவில்லை, ஆனால் அடக்கவும் இல்லை, பேசித் தீர்த்தது. பரோயே மொழியே முதன்மை மொழி என்று சட்டத்தில் எழுதியது. அப்போது பதினெட்டுத் தீவுகளிலும் சேர்த்து ஏறக்குறைய முப்பதாயிரம் சனம். வலிகாமத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும் தொகை.

இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் பிராந்திய சபைகளுக்கு என்னென்ன அதிகாரம் என்று ஒரு நிரல் இருக்கிறது. விவசாயம், காணி, கல்வி, சுகாதாரம், மீன்பிடி, மின்சாரம், நீர்த்திட்டம், வீதி. அடுத்த வருடமே அது கிழிக்கப்பட்டது. எனக்கு அந்த நிரலைப் படிக்கும்போதெல்லாம் அட்லி டாமின் ஞாபகம் வரும். அவர் பதினாறு வருடமும் செய்த வேலை பெரும்பாலும் அந்த நிரலில் உள்ளதுதான்.

1973 ஒக்டோபரில் ஸ்திரேய்மோய், எய்ஸ்துரோய் என்ற இரண்டு பெரிய தீவுகளுக்கிடையே பாலம் திறந்தார்கள். நீளம் இருநூறு மீற்றரைச் சற்றே தாண்டும், ஆனால் கீழே ஓடுவது அத்திலாந்திக்கின் நீர். 1976இல் அதன் அந்தத் தலையிலிருந்து மலையைக் குடைந்து இரண்டரைக் கிலோமீற்றர் சுரங்கம். கல்சோய் தீவில் மலைக்கு மலை துளைத்தார்கள். சில டசின் வீடுகளுக்காக ஒரு சுரங்கமா என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்டார்கள். மேசையின் மறுபக்கத்தில் நின்றவருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. குளிர்காலத்தில் வள்ளம் கரை பிடிக்காத நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை வீடு என்று எண்ணிக்கொண்டா இருப்பார்கள் என்பார். நெடுந்தீவுக்காரர், நயினாதீவுக்காரர் அவருக்குத் தலையாட்டுவார்கள்.

கடலைப் பற்றித்தான் நான் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் ஊர் மயிலிட்டி.

டென்மார்க் 1973 ஜனவரியில் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது பரோயே சேரவில்லை. எங்கள் மீனை மற்றவர்கள் வந்து பங்குபோட முடியாது என்று 1974 ஜனவரியில் அவர்களுடைய நாடாளுமன்றம் ஏகமனதாக முடிவெடுத்தது. ஆளும் அரசு ஒரு பக்கம் போக, அதன் கீழுள்ள தீவுகள் மறுபக்கம் நின்றன. அதற்காக ஒரு கடற்படைக் கப்பலும் வந்து மறிக்கவில்லை. 1977 தொடக்கத்தில் தங்களைச் சுற்றி 200 கடல்மைல் மீன்பிடி எல்லையையும் வகுத்தார்கள். இரண்டு முடிவுக்கும் அட்லி டாம்தான் அரசுத் தலைவர். 1977 எங்களுக்கு இனக்கலவர வருடம், சொல்லத் தேவையில்லை. பிறகு எங்கள் கடலில் எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எந்த எஞ்சின் பூட்டலாம் என்று இராணுவ முகாமில் இருந்தவர்கள் சொன்னார்கள். 1990 ஜூனில் மயிலிட்டியே காலியானது. வடக்கில் பேர்பெற்ற துறைமுகம் அது. 2017இல்தான் சனத்தைத் திரும்ப விடத் தொடங்கினார்கள்.

இப்படிச் சொன்னால் பரோயேயில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைத்துவிடக் கூடாது. மறுபடி அந்த ஜனவரிக்கே வரவேண்டியிருக்கிறது.

200 மைல் எல்லையை உலகமே போட்டபோது, ஐஸ்லாந்துப் பக்கம் போய்ப் பிடித்த பரோயேக் கப்பல்களுக்கு அங்கே இடம் சுருங்கிப் போனது. பல வீட்டுக் கடலுக்குத் திரும்பின. அரசாங்கம் உதவிப் பணமும் கடன் உத்தரவாதமும் கொடுத்துப் புதுக் கப்பல்களையும் கட்டவிட்டது. ஊருக்கு ஊர் துறை, ஊருக்கு ஊர் மீன் பதனிடும் ஆலை. டென்மார்க்கிலிருந்து வருடாவருடம் மானியம் வந்தது, வெளிநாட்டுக் கடனும் ஏறியது. கடலிலோ கொட் மீன் குறைந்துகொண்டே போனது. 1989க்குப் பிறகு மீனும் விழுந்தது, விலையும் விழுந்தது. 1992 ஒக்டோபரில் அவர்களுடைய பெரிய வங்கிகளில் ஒன்று கவிழ, கோப்பன்ஹேகனிடம் கை நீட்டவேண்டி வந்தது. காசோடு நிபந்தனைகளும் வந்தன. வேலையில்லாதவர்கள் 20 சதவீதத்தைத் தாண்டினார்கள். 48,000ஐ நெருங்கியிருந்த சனத்தொகை சில வருடங்களில் 43,000 அளவுக்கு இறங்கியது. கப்பல் ஏறி வந்தவர்களில் ஒருவர்தான் என் முன்னால் புழு எடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பழியும் அட்லி டாமுக்குச் சேராது. செலவு தலைதெறிக்க ஓடிய எண்பதுகளின் முற்பகுதியில் அவர் பதவியில் இல்லை. அப்போது ஆண்டவர் பவுலி எலெஃப்சன். ஆனாலும் பதினாறு வருடம் ஆண்டவருக்குப் பெரிய பங்கு உண்டு. பாலத்தின் பாரத்தைக் கணக்கிடத் தெரிந்த படிப்பு, ஒரு கடல் எத்தனை கப்பலைத் தாங்கும் என்பதைக் கணக்கிடப் போதவில்லை. தெரிந்திருந்தாலும், ஊருக்கு ஊர் வாக்கு இருக்கும்போது எந்த ஊரின் ஆலையை மூடுவது? இதை நான் பரிவோடுதான் சொல்கிறேன்.

1992 டிசம்பரில், எல்லாம் இடிந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் இன்னொரு காரியம் செய்தார். பரோயேயின் நிலத்தடி வளங்கள் பரோயேக்கே என்ற உடன்படிக்கை. ஒரு பக்கம் ஒப்பமிட்டவர் அட்லி டாம், மறுபக்கம் பவுல் ஸ்லூட்டர். அடுத்த ஜனவரி முடியுமுன் இருவருமே பதவியில் இல்லை. டாமின் இடத்துக்கு அவருடைய கட்சியின் மரீட்டா பீட்டர்சன் வந்தார். ஆசிரியையாக இருந்தவர், தீவுகளை ஆண்ட முதல் பெண். அடுத்த வருடத் தேர்தலில் கட்சி படுதோல்வி கண்டது. பிறகு எண்ணெய் தேடிக் கடலடியைத் துளைத்தார்கள், வியாபாரத்துக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆனால் எண்ணெய் இருந்திருந்தால் அது யாருக்கு என்ற சண்டைக்கு இடமிருக்கவில்லை.

மீன் திரும்பியது. தொண்ணூறுகளின் கடைசியில் மேசையின் மறுபக்கத்தில் நின்றவரும் ஊர் திரும்பினார். நாங்கள் தொலைபேசியில் கதைப்பது தொடர்ந்தது. 2005 பெப்ரவரியில் அவர் எடுத்தபோது முதலில் சொன்னது, அட்லி டாம் இறந்துவிட்டார் என்று. இன்னும் கோபமா என்று கேட்டேன். "கோபம்தான். என்னை என் வீட்டை விட்டு அனுப்பின மனுசன். ஆனா நாங்கள் போட்ட வாக்கு, நாங்கள் வாங்கின கடன், பிறகு நாங்களே கட்டினம்" என்றார். எங்கள் ஆட்களில் ஒருவர் இப்படி ஒரு தலைவரைப் பற்றிக் கோபப்பட எனக்குக் கேட்கவேண்டும் என்ற ஆசை அன்று வந்தது, இன்றும் இருக்கிறது. எங்கள் கோபம் எப்போதும் வெளியாளைப் பார்த்தே இருந்தது. எங்களுடைய சொந்தப் பிழைக்காக ஒருவரை வாக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பும் வாய்ப்பு எங்களுக்கு வரவே இல்லை.

பிறகு அவர் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டார். சுனாமி வந்து ஆறு கிழமை ஆகியிருந்தது. இடம்பெயர்ந்து வடமராட்சிக் கரையில் இருந்த என் சொந்தக்காரர் சிலருக்கு வள்ளமும் வலையும் போயிருந்தன. அனுதாபம் சொல்லிவிட்டு நேரே விசயத்துக்கு வந்தார்: எத்தனை வள்ளம், என்ன அளவு, யாருக்கு முதலில் என்று தீர்மானிப்பது யார்? அங்கேயே இருக்கிறவர்களா, தலைநகரத்தில் இருக்கிறவர்களா?

அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணத்துக்கு ஒரு பொதுக்கட்டமைப்பு வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது என்றேன். அந்த ஜூனில் ஒப்பமிட்டார்கள். ஜூலையில் கொழும்பு உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதோடு அதுவும் நின்றுபோனது.