அண்ணாவின் 20 மீற்றர்

லண்டனில் அண்ணாவுக்கு ‘பிப்’ (PIP) என்ற இயலாமை உதவித்தொகையின் மீளாய்வுப் படிவம் வந்திருக்கிறது. மேசை முழுக்க ஆஸ்பத்திரிக் கடிதங்கள். எல்லாவற்றிலும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று நோயின் பெயர் இருக்கிறது. அவர் சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒன்றிலும் இல்லை. இந்தக் காசோ நோயின் பெயருக்குத் தருவதல்ல, அதனால் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான். ஒருமுறை 20 மீற்றர் நடந்துவிட்டால் மட்டும் நடக்க முடியும் என்று ஆகிவிடாது. பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப நடக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு கிழமையாக நாட்குறிப்பு எழுதுகிறேன். செவ்வாய், குளியலறையில் விழுந்தார். புதன், கரண்டி பிடிக்க முடியவில்லை, நான் தீத்திவிட்டேன்.

“இதையும் எழுதத்தான் வேணுமோ, தங்கச்சி?”

எழுதினேன், அண்ணா. பிசியோதெரபிஸ்டிடமும் இதையே கடிதமாகக் கேட்டிருக்கிறேன். அசல்கள் எங்களிடம் இருக்கட்டும், நகல்களை அனுப்புவோம்.