திரையின் வேகம்

அச்சிட்ட பக்கம் அசையாது கிடக்கும். கணிப்பொறித் திரையிலோ, மெய்ப்புத் திருத்துவோர் பக்கத்தை மேலும் கீழும் உருட்டுகையில் ணகரமும் னகரமும் கலங்கித் தெரியும். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறையே, அதாவது 60 ஹெர்ட்ஸ் அளவிலேயே, படத்தைப் புதுப்பிக்கின்றன என்பது அதற்கு ஒரு காரணம். 144 ஹெர்ட்ஸ் திரையில் அக்கலக்கம் பெரிதும் குறையும்.

அத்தகைய திரையொன்றைக் காரைக்காலில் வாங்கி, லினக்ஸ் இயங்கும் என் பழைய மடிக்கணினியோடு இணைத்தேன். வேகம் 60ஐத் தாண்டவில்லை. "ஐயா, லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போட்டுவிடலாமே" என்றார் உடனிருந்த மாணவர். கடைக்காரர் கருத்தும் அதுவே. எனக்கு உடன்பாடில்லை. பல்லாண்டுகளாகத் தொகுத்த சொல்லடைவுகளும் அவற்றிற்கான நிரல்களும் அதில் உள்ளன. அன்றியும், மாணவர் உள்ளே திறந்து பார்த்துக் கற்கத்தக்க மென்பொருள் அது.

நிற்க. இணைத்தவுடன் திரை தன் திறன்களைக் கூறும் குறிப்பொன்றைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. இ.டி.ஐ.டி. என்பது அதன் பெயர். அதில் திரையே முதன்மையாகப் பரிந்துரைப்பது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான். லினக்ஸ் அதனை அப்படியே ஏற்கிறது. ஆதலின் முதலில் அமைப்புகளிலுள்ள திரைப்பகுதியைப் பார்த்தல் வேண்டும். அங்கே 144 இருந்தால் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது. பழைய எக்ஸ் சாளர முறையில் 'எக்ஸ்ராண்டர்' என்னும் கட்டளை முழுப் பட்டியலையும் தரும். நடப்பிலுள்ள வேகத்தின் அருகே நட்சத்திரக் குறி நிற்கும். எங்கள் பட்டியலில் 144 இல்லவே இல்லை.

மாணவர் தாளெடுத்துக் கணக்கிட்டார். திரையில் குறுக்கே 2560, நெடுக்கே 1440 புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ 37 இலட்சம். அதனை நொடிக்கு 144 முறை அனுப்புவதெனில் 53 கோடிப் புள்ளிகள். மடிக்கணினியில் இருந்ததோ எச்.டி.எம்.ஐ. 1.4 வாயில், அது 34 கோடிக்கு மேல் தாங்காது. தாங்க இயலாத வேகத்தை லினக்ஸ் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். "அப்படியானால் விண்டோஸ் போட்டாலும் வராதே, ஐயா!" என்றார் அவர்.

மடிக்கணினியின் மறுபுறம் யூ.எஸ்.பி.-சி வாயில் ஒன்று உண்டு. எல்லாச் சி வாயில்களும் படத்தைக் கடத்துவதில்லை. இது டிஸ்ப்ளே போர்ட் 1.2 முறையில் கடத்தும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 72 கோடிப் புள்ளிகள். அதற்குரிய கேபிள் ஊரில் கிடைக்காமல் சென்னையிலிருந்து வந்தது. செருகியதும் பட்டியலில் 144 தோன்றிற்று.

லினக்ஸில் குறையே இல்லை என்று வாதிடுவதற்கில்லை. எச்.டி.எம்.ஐ. 2.1 நெறிமுறையைத் திறந்த மூல நிரலாக வெளியிட ஏ.எம்.டி. நிறுவனம் வேண்டியபோது, 2024 பிப்ரவரியில் எச்.டி.எம்.ஐ. மன்றம் மறுத்துவிட்டது. பூட்டி வைத்த விதியை வெளிப்படையான நிரலில் எழுதுவது எங்ஙனம்? லினக்ஸுக்காகத் திரை வாங்கும் அன்பர்கள் அதன் பின்புறம் டிஸ்ப்ளே போர்ட் வாயில் உள்ளதா என்று பார்த்து வாங்குக. உரிய கேபிளையும் அப்போதே கேட்டுப் பெறுக.